கச்சான் உடைக்கும் சத்தம் நிற்கும் நேரம்

"திரில்லர் படங்களைப் பற்றி என்ன கேட்க விருப்பமோ கேளுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். பொத்துவிலில் இருந்து வாழைச்சேனை வரை கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இடம் போதாது. இந்தப் பக்கத்தைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வார்த்தை: 1974ல், 17 வயதில், மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டுகிற ஒப்பரேட்டருக்கு உதவியாகச் சேர்ந்தேன். அப்புறம் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் கொண்டு, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று ஊர் ஊராகப் படம் போட்டேன். இப்போது குறும்படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

சேர், துப்பறியும் படம், பேய்ப்படம், திரில்லர் எல்லாவற்றிலும் பயம்தானே இருக்கிறது? பிறகு ஏன் தனித்தனிப் பெயர்?
– உயர்தர மாணவர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பார்க்கிறவர் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம், தம்பி. துப்பறியும் படத்தில் கொலை முடிந்துவிட்டது. நாங்கள் பின்னுக்குத் திரும்பிப் பார்க்கிறோம். யார் செய்தது, ஏன் செய்தது? 1954ல் வந்த 'அந்த நாள்' அப்படிப்பட்ட படம். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943ம் ஆண்டுக் காலத்துக் கதை. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறார்கள்.

திரில்லரில் நாங்கள் முன்னுக்குப் பார்க்கிறோம். கெட்டது இன்னும் நடக்கவில்லை, நடக்கப் போகிறது. அதற்கு முன் யாராவது வந்து சேர்வார்களா? பேய்ப்படத்தில் வருகிறதுக்குச் சுவரும் இல்லை, பூட்டும் இல்லை. திரில்லரில் ஆபத்து கதவால்தான் வர வேண்டும். அதனால்தான் ஒரு தாழ்ப்பாளைக் கிட்டக் காட்டினாலே எங்கள் கை கதிரையைப் பிடிக்கிறது.

இதை ஆங்கிலேய இயக்குநர் ஹிட்ச்கொக்கை விட நன்றாக விளக்கியவர் இல்லை. 1962ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ அவரைப் பல நாள் பேட்டி கண்டார். 1966ல் அது புத்தகமாக வந்தது. அதில் ஹிட்ச்கொக் சொல்கிற உதாரணம் இது: ஒரு மேசையில் இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவருக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே காட்சியில், குண்டு வைக்கப்பட்டதை முதலே எங்களுக்குக் காட்டிவிட்டால்? ஒரு மணிக்கு வெடிக்கும், சுவர் மணிக்கூட்டில் ஒன்றுக்குக் கால் மணி இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது, அதே அரட்டைதான். இப்போது எங்களுக்கு 15 நிமிடத் தவிப்பு.

தமிழில் இதைச் செய்து காட்டியவர் 'அந்த நாள்' எடுத்த அதே எஸ். பாலச்சந்தர், வீணை வித்துவான். 1964ல் வந்த அவருடைய 'பொம்மை'யில் ஒரு ஆளைக் கொல்ல நினைத்தவர்கள் குண்டை ஒரு பொம்மைக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பொம்மை கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் போகிறது. அதைத் தூக்கி வைத்திருக்கிற யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எங்களுக்கு மட்டும் தெரியும்.

ஒப்பரேட்டர் அறையின் சின்னத் துவாரத்தால் பார்த்தால் சனத்தின் முகம் தெரியாது, பின்தலைதான் தெரியும். ஆனால் காது இருக்கிறதே. அந்தக் காலத்தில் படம் பார்க்க வருகிறவர்கள் சுருளில் கச்சான், அதுதான் நிலக்கடலை, வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். படம் முழுக்கக் கோது உடைக்கிற சத்தம், மழை தூறுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். பாட்டில் கூடும், சிரிப்பில் கூடும். நல்ல திரில்லர் காட்சி வந்தால் அது நிற்கும். மெல்ல மெல்லக் குறைவதில்லை, ஒரே வெட்டாக நிற்கும். ஒரு படம் நல்லதா என்று நான் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் படித்தேன்.

அண்ணன், என் வீட்டுக்காரர் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவார். முடிவு தெரிந்த படத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பதில் பலன் உண்டா?
– ஒரு வாசகி, தம்பிலுவில்

தங்கச்சி, உங்கள் ஊரில் கூத்துப் பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? பதின்மூன்றாம் போர்க் கூத்து ஆடினால், அபிமன்யு வெளியே வரமாட்டான் என்று தெரியாமல் களரியைச் சுற்றி இருந்தவர் ஒருவராவது உண்டா? மடியில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குச் சக்கர வியூகத்துக்குள் போக வழி தெரியும், வெளியே வர வழி தெரியாது. சயத்திரதன் வாசலை மறிப்பான், பின்னால் வந்தவர்கள் வெளியே நிற்பார்கள். இத்தனையும் தெரிந்துகொண்டுதான் விடியும்வரை சனம் பாயில் இருந்தது. மத்தளம் உரத்து, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் குரல் எடுத்து, பொடியன் வில்லோடு களரிக்குள் வரும்போது, "போகாதே மனே" என்று என் அம்மம்மா வாய்க்குள் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அதற்கு முதல் எத்தனை தரம் அந்தக் கூத்தைப் பார்த்தாரோ.

இன்னுமொன்று சொல்கிறேன், இது என் கையால் நடந்த பிழை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு ரீல் 1,000 அடி, ஓடி முடிய ஏறக்குறைய 11 நிமிடம். ரீல்கள் தகரப் பெட்டியில் எண் ஒட்டி வரும். ஒரு சனிக்கிழமை, மாலைக் காட்சிக்கு 6ம் ரீல் எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் 9ம் ரீலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒட்டியிருந்த கடதாசி தலைகீழாக இருந்தது. கதையில் ஒரு பெண்ணை யாரோ பின்தொடர்கிறான். அவளுக்கு ஆதரவாக இருக்கிற மாமாதான் அந்த ஆள் என்பது 9ம் ரீலில்தான் வெளிவரும். படத்தின் பெயரைச் சொல்லவில்லை, இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். பெரிய ஒப்பரேட்டர் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் மாமாவின் முகம் திரை முழுக்க வந்துவிட்டது.

விளக்குப் போட்டார்கள். முதலாளி காசு திருப்பிக் கொடுக்க வேண்டி வருமோ என்று மேலே ஓடி வந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கீழே கொஞ்ச நேரம் கூச்சல், பிறகு அடங்கிவிட்டது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை. 6ம் ரீலைப் போட்டோம். அதில் ஒரு காட்சி: மழை பெய்கிறது, அந்தப் பெண் பஸ்ஸுக்கு நிற்கிறாள், மாமா காரைக் கொண்டுவந்து நிறுத்தி "ஏறு மகள், வீட்டில் விடுகிறேன்" என்கிறார். பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா எழும்பிக் கத்தினார்: "ஏறாதே புள்ள! ஏறாதே!" ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கச்சான் உடையவில்லை.

அடுத்த நாள் ரீலைச் சரியான வரிசையில் போட்டோம். அதே மழை, அதே கார். கீழே கோது உடைந்துகொண்டே இருந்தது.

அதனால் பயப்படாமல் போய்ப் பாருங்கள் தங்கச்சி. ஆனால் 'யார் செய்தது' என்ற ஒரே கேள்வியில் நிற்கிற படங்களும் உண்டு. அவற்றுக்கு மட்டும் உங்கள் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டுங்கள்.

தமிழ் திரில்லரில் இடைவேளைக்கு முன் கட்டாயம் ஒரு அதிர்ச்சி வருகிறதே, அது சட்டமா?
– ஏறாவூர் வாசகர்

சட்டம் இல்லை, தேவை. வெளிநாட்டுப் படம் ஒரே மூச்சில் ஓடுகிறது. எங்களுடையது நடுவில் கதவைத் திறந்து சனத்தை வெளியே விடுகிறது. பிளேன்டி குடிக்கப் போனவரைத் திரும்ப இழுத்துவர ஒரு முடிச்சு வேண்டும். கெட்டிக்கார இயக்குநர் அந்த முடிச்சில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, அதைவிடப் பெரிய கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புவார். மற்றவர்கள் ஒரு ஆளை மாடியில் இருந்து தள்ளிவிடுவார்கள்.

படத்தில் ஒன்றுமே நடக்காத நேரத்தில் பின்னணி இசையாலேயே பயம் வருகிறது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பயமே இல்லை. அப்படியென்றால் திரில்லர் முழுக்கக் காதுதானா?
– வாசகர், வாழைச்சேனை

பாதிக்கு மேல் காதுதான் என்று நானும் சொல்வேன். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் பூரணை நிலவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். பாடுவது மீன் என்கிறோம், ஆனால் எதையும் காணவில்லை. தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, சத்தம் மட்டும் வருகிறது. 12 வயதில் மாமா என்னைக் கொண்டுபோனபோது எனக்கு அது இனிமையாக இருக்கவில்லை, துடுப்பைக் கையில் இருந்து விட்டுவிட்டேன். வருகிற இடம் தெரியாத சத்தத்துக்கு நாங்களே ஒரு உருவம் செய்துவிடுகிறோம்.

1931ல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' என்ற ஜெர்மன் படத்தில், பிள்ளைகளைக் கொல்கிறவன் ஒரு மெட்டைச் சீட்டி அடித்துக்கொண்டு வருவான். கிரீக் என்ற நோர்வே இசைக்காரரின் மெட்டு. பிறகு ஆளைக் காட்டத் தேவையே இல்லை, சீட்டி கேட்டால் போதும். கடைசியில் அவனை அடையாளம் காண்பது பலூன் விற்கிற ஒரு கண் தெரியாத மனிதர், அந்தச் சீட்டியை வைத்துத்தான். அதே படத்தில் கொலையைக் காட்டாமல் காட்டியதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தாய் மேசையில் கோப்பை வைத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். அங்கே ஒரு பந்து பற்றைக்குள் இருந்து உருண்டு வந்து நிற்கிறது. பிள்ளை வைத்திருந்த பலூன் மேலே கம்பியில் சிக்கி ஆடுகிறது. அவ்வளவுதான். கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. ஐம்பது வருடமாகக் கொலைக் காட்சிகளைத் துவாரத்தாலும் திரையிலும் பார்த்தவன் நான். அந்தப் பந்தைப் போல ஒன்று என்னை இன்னும் தொடவில்லை.

'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்கொக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் குடும்பத்துக் கருவிகளை மட்டும் வைத்து அந்தக் கீச்சிடும் ஒலியைச் செய்து போட்டுக் காட்டியதும் மனம் மாறினார். அந்தக் காட்சியை எடுக்க ஏழு நாள் பிடித்தது. கொலை நடக்கிற பகுதி ஒரு நிமிடம்கூட ஓடாது.

மலிவான வழியும் ஒன்று உண்டு: அமைதியாக வைத்திருந்துவிட்டு 'டமார்' என்று அடிப்பது. அதைக்கூட முதலில் செய்தவர்கள் அழகாகச் செய்தார்கள். 1942ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. புலி பாயும் என்று நாங்கள் உடம்பைச் சுருக்கும்போது, 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு ஒரு பஸ் வந்து நிற்கிறது. அந்த உத்திக்குப் படக்காரர்கள் வைத்த பெயரே 'பஸ்'. இப்போது அலுமாரியில் இருந்து பூனை பாய்வதெல்லாம் அந்த பஸ்ஸின் பேரப்பிள்ளைகள்.

சத்தத்தை விடப் பெரியது, சத்தம் நிற்பது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு 21 வயது. கூரை பறந்தபோது பயந்தோம், உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு நேரம் காற்று அப்படியே நின்றது. பிள்ளைகள் "முடிஞ்சுது" என்று எழும்பப் பார்த்தார்கள். பக்கத்து வளவுக் கிழவர் எங்களோடுதான் ஒதுங்கியிருந்தார். "எழும்பாதீங்க, இனி மற்றப் பக்கத்தால வரும்" என்றார். அந்த அமைதியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. காற்று அடித்தபோது வராத நடுக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது. கிழவர் சொல்லியிருக்காவிட்டால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நாங்கள் ஐந்து பேர் கைபேசியில் 12 நிமிடத் திரில்லர் ஒன்று எடுக்கப் போகிறோம். பாழடைந்த பங்களா கிடைக்கவில்லை. கதாநாயகியிடம் கைபேசி இருப்பதால் கதையும் நகரவில்லை, அழைத்தால் பொலிஸ் வந்துவிடுமே. என்ன செய்யலாம் சேர்?
– குறும்படக் குழு, அக்கரைப்பற்று

முதலில் பங்களாவை மறந்துவிடுங்கள். திரில்லருக்கு வேண்டியது மூடிய இடம், முடிகிற நேரம், தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு ஆள். இந்த மூன்றில் இரண்டு இருந்தாலும் 12 நிமிடம் தாங்கும். இவை எதற்கும் செலவில்லை.

மூடிய இடம் என்றால் சுவர் வேண்டும் என்றில்லை. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு ஆற்றைக் கடக்கிற பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவையில், ஏறிப் பாருங்கள். பாதை கரையை விட்டதும் இறங்க முடியாது. மோட்டார் சைக்கிள் நாலு, சைக்கிளில் மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை இரண்டு, ஒரு வயதான அம்மா. அவர்களில் ஒருவன் தன்னைத் தேடி வந்தவன் என்று உங்கள் கதாநாயகிக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. கரை கிட்ட வருகிறது. கரை வந்தால் தப்புவாளா, அல்லது கரையில்தான் ஆபத்தா? இதற்கு ஒரு சொல் வசனம் தேவையில்லை.

நேரத்துக்கு மணிக்கூட்டைத்தான் காட்ட வேண்டும் என்றும் இல்லை. படுவான்கரையில் வயல் காவலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், பொழுது படுவதுதான் மணிக்கூடு. இருட்டினால் யானை இறங்கும். பரணில் இருந்தால் யானையைக் காண்பதில்லை, தூரத்தில் ஒரு கொப்பு முறிகிற சத்தம்தான் முதலில் வரும். பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்ட.

கைபேசிச் சிக்கலுக்கு எல்லாரும் செய்வது 'கவரேஜ் இல்லை', அல்லது 'சார்ஜ் முடிந்துவிட்டது'. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள், பார்க்கிறவருக்கு எழுதினவரின் கை தெரிந்துவிடும். கைபேசி வேலை செய்யட்டும். அழைக்கட்டும். ஆனால் அவள் அழைக்கிற ஆளின் மணி அதே பாதையில், இரண்டு அடி தள்ளி ஒலிக்கட்டும். கருவி நன்றாக வேலை செய்வதுதான் ஆபத்து என்று ஆக்கிவிட்டால் கதை தானாக நகரும்.

அப்புறம், எடுத்துவிட்டு இசை இல்லாமல் வீட்டாருக்குப் போட்டுக் காட்டுங்கள். உம்மாவோ வாப்பாவோ நடுவில் எழும்பி அடுப்பைப் பார்க்கப் போன இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை வெட்ட வேண்டும்.

பாட்டு இல்லாமல் திரில்லர் எடுத்தால்தான் நல்லதா?
– வாசகி, கல்முனை

'அந்த நாள்' பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம், இறுக்கமாக இருந்தது. 'பொம்மை'யில் பாட்டு உண்டு, அதுவும் இறுக்கம்தான். பாட்டு முடிந்து திரும்பும்போது ஆபத்து நின்ற இடத்திலேயே நின்றால் பாட்டு பாரம். ஒரு அடி கிட்ட வந்திருந்தால் பாட்டு பலம்.

கடைசி நிமிடத்தில் வருகிற திருப்பம் ஏன் சில படங்களில் கோபத்தை உண்டாக்குகிறது? ஏமாற்றப்பட்டதுதானே இன்பம்?
– ஆசிரியை, காரைதீவு

ஏமாறுவது இன்பம், டீச்சர். ஏமாற்றப்படுவது அப்படி இல்லை. ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929ல் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளை எழுதினார். முதல் கட்டளையே, குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியில் வந்துபோன ஆளாக இருக்க வேண்டும் என்பது. படங்களுக்கும் அது பொருந்தும். கடைசி ரீலில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து 'இவன்தான்' என்றால் நாங்கள் இரண்டு மணித்தியாலம் யோசித்தது வீண். நல்ல திருப்பம் வந்தால், வீட்டுக்கு நடக்கும்போது "அட, அப்போதே சொன்னானே!" என்று நாங்களாகவே பழைய காட்சிகளை எடுத்துப் பார்ப்போம்.

ஹிட்ச்கொக்கின் 'வெர்டிகோ'வில் (1958) அந்தப் பெரிய ரகசியம் படம் முடிய நெடுநேரம் இருக்கும்போதே ஒரு கடிதத்தால் எங்களுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. கதாநாயகனுக்கு மட்டும் தெரியாது. சனம் அதற்குப் பிறகு 'என்ன ரகசியம்' என்று கேட்பதில்லை, 'இவன் அறிந்தால் என்ன ஆவான்' என்று தவிக்கிறது. ஜீத்து ஜோசப்பின் 'பாபநாசம்' (2015) இரண்டு வழியையும் ஒன்றாக முடைந்தது. நடந்த கொலை எங்களுக்குத் தெரியும், பொலிஸுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு விசாரணையிலும் நாங்கள் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து பொய் சொல்கிறோம். ஆனால் ஒரே ஒரு விடயம் எங்களிடமும் மறைக்கப்பட்டிருக்கிறது. அது கடைசியில் திறக்கும்போது கோபம் வரவில்லை, ஏனென்றால் அதற்கான விதை எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் போடப்பட்டிருந்தது.

திரில்லர் என்றால் கொலைகாரன் ஒரு மனநோயாளி, சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும். ஒவ்வொரு படமும் இப்படித்தான். மனநலப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு இது வேதனையாக இருக்கிறது.
– தாதி உத்தியோகத்தர் ஒருவர், மட்டக்களப்பு

உங்கள் வேதனை நியாயமானது, மகள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தொடுவதில்லை, அவர்கள்தான் மற்றவர்களால் அடிபடுகிறார்கள். இதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 'சைக்கோ'வின் முடிவில் ஒரு மருத்துவர் நின்று நீளமாக விளக்கம் சொல்கிறார். அந்த விளக்கம்தான் பிறகு வந்த படங்களுக்கு வாய்ப்பாடாகிவிட்டது. ஒரு பழைய நினைவுக் காட்சி, ஒரு கொடுமைக்காரத் தகப்பன், உடனே கையில் கத்தி. எழுத இலகு, அதனால் எழுதுகிறார்கள்.

எங்கள் மண்ணின் ஆள் ஒருவரும் அந்த வழியில் ஒரு படம் எடுத்தார். பாலு மகேந்திரா 1939ல் அமிர்தகழியில் பிறந்தவர், மாமாங்கேஸ்வரர் கோயிலடி. 1980ல் வந்த அவருடைய 'மூடுபனி', இளையராஜாவுக்கு நூறாவது படம். அதிலும் கொலைகாரனுக்குச் சின்ன வயதுக் காயம் இருக்கிறது, நீங்கள் சொல்கிற குறையும் இருக்கிறது. ஆனால் அவர் ஒன்று செய்தார். யார் கொலைகாரன் என்பதை ஒளிக்கவில்லை. பிரதாப் போத்தன் முகத்தை எங்களுக்குக் கிட்டக் காட்டிக்கொண்டே இருந்தார், அவன் அழுவதையும் காட்டினார். ஷோபா அவனோடு ஊட்டி வீட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது, அவள் தப்ப வேண்டும் என்றும் இவனுக்கு யாராவது உதவ வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் மனம் கேட்டது. பிறகு வந்த எத்தனையோ படங்களில் அந்த இரண்டாவது ஆசை இல்லை.

உங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டும். எங்கள் குறும்படப் பிள்ளைகளிடம் நான் கேட்பதும் இதுதான்: கொலைகாரனுக்கு ஒரு நோயைக் கொடுக்காமல் ஒரு காரணத்தைக் கொடுங்கள். காணி, காசு, கௌரவம், பொறாமை. அயலில் நடக்கிற குற்றங்கள் இவற்றால்தானே நடக்கின்றன?

எங்கள் சனம் உண்மையான பயத்தில் முப்பது வருடம் இருந்தது. எங்கள் அம்மா திரில்லர் படம் என்றால் எழும்பிப் போய்விடுவார். காசு கொடுத்து ஏன் இன்னும் பயப்பட வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், படுவான்கரை

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன்.

மேசைக்கடியில் குண்டு என்று முதல் பதிலில் எழுதினேன். எங்களுக்கு அது உதாரணம் இல்லையே. இரவில் ஒழுங்கை முடக்கில் நாய் குரைக்கும். பிறகு ஒரு வாகனம் வந்து நிற்கும், இஞ்சினை நிறுத்தமாட்டார்கள். லாம்பைத் தணித்துவிட்டு வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். எந்தப் படலை? அடுத்த வீட்டுப் படலை திறக்கிற சத்தம் கேட்டால் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காக மறுநாள் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கும். இதை எந்த இயக்குநரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

திரில்லர் படத்துக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு. இரண்டரை மணித்தியாலத்தில் பதில் சொல்லிவிடுவேன், பிறகு விளக்குப் போட்டு உங்களை வீட்டுக்கு அனுப்புவேன் என்று அது சனத்துக்குச் சொல்கிறது. போன பிள்ளை எங்கே என்று படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருக்கிற தாய்மாருக்கு அந்தக் கடைசி ரீல் இன்னும் வரவில்லை. உங்கள் அம்மா எழும்பிப் போனால் போகட்டும். இழுத்து இருத்த வேண்டாம், "இது படம்தானே" என்று சொல்லவும் வேண்டாம்.

சிலருக்கு மறுபக்கமாகவும் இருக்கிறது. என் மனைவியின் தம்பி அந்தக் காலத்தில் போனவர் திரும்பவில்லை. மனைவி திரில்லர் படங்களை விரும்பிப் பார்ப்பா, என்னைவிடக் கெதியாக ஆளைக் கண்டுபிடிப்பா. பதில் கிடைக்கிற கதை என்றால் அவவுக்கு ஒரு ஆறுதல் என்று நான் நினைத்துக்கொள்வேன், கேட்டதில்லை. ஆனால் ஒரு காட்சி மட்டும் முடியாது. இரவில் கதவு தட்டுகிற காட்சி. அது வரப்போகிறது என்று எப்படியோ தெரிந்து, அதற்கு முதலே எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா. நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். உள்ளே கேத்தில் வைக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தால் அங்கிருந்தே கேட்பா:

"திறந்திட்டாளா?"

"திறந்தாச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளை."

பிறகு இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்து இருப்பா.